ஒரு காது மட்டும் கேட்காதவர்களுக்கு: சோதனை, உட்காரும் இடம், மிஷின்

"ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுகிறாய்" என்று யாரை வேண்டுமானாலும் திட்டலாம், ஒரே காதால் கேட்பவரைத் தவிர. விடுவதற்கு அவரிடம் இன்னொரு காது கிடையாது. வீட்டில் உள்ளவர்களுக்கு இது பெரிய குறையாகவும் படுவதில்லை. "அதான் இன்னொரு காது நல்லா இருக்கே" என்பார்கள். அமைதியான அறையில் எதிரே உட்கார்ந்து ஒருவர் பேசினால் அது உண்மைதான், ஒரு காதே தாராளம். சிக்கல் வருவது மூன்று இடங்களில். கேட்காத பக்கத்திலிருந்து யாராவது பேசும்போது. சுற்றிலும் இரைச்சல் இருக்கும்போது. ஓசை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரிய வேண்டியிருக்கும்போது.

இந்த மூன்றையும் பிரித்தே யோசிக்க வேண்டும். முழுக்கக் கேட்காத காதுக்கு என்று கடையில் கிடைக்கும் கருவிகள் பெரும்பாலும் முதல் சிக்கலைத் தீர்க்கும், இரண்டாவதைப் பாதி தீர்க்கும், மூன்றாவதைத் தொடவே தொடாது. இது தெரியாமல் பெரும் பணம் கொடுத்து வாங்கி, இரண்டு மாதம் கழித்து மேஜை டிராயரில் போட்டு வைத்திருப்பவர்கள் நிறைய.

இப்படி ஆவதற்குக் காரணம் தலை. இடது காது கேட்காதவரின் இடப் பக்கம் நின்று பேசினால், குரல் தலையைச் சுற்றிக்கொண்டுதான் வலது காதுக்குப் போக வேண்டும். ஆ, ஊ, ஓ போன்ற கனத்த ஒலிகள் எளிதாக வளைந்து போய்விடும். ச, ஸ, த போன்ற மெல்லிய, கூர்மையான ஒலிகளைத் தலை மறைத்துவிடும். ஓசையை அளக்கும் டெசிபெல் கணக்கில் 15 முதல் 20 வரை அவை குறையலாம். அதனால்தான் "சாவி எங்கே?" என்று கேட்டால் "ஆவி எங்கே?" என்று விழுகிறது. குரல் கேட்கிறது, சொல் புரியவில்லை. திசைக்கு இரண்டு காதும் தேவை. வலப் பக்கம் ஹாரன் அடித்தால் வலது காதுக்கு முதலிலும், ஆயிரத்தில் ஒரு நொடிக்கும் குறைவான இடைவெளியில் இடது காதுக்கும் போய்ச் சேரும். அந்த வித்தியாசத்தைக் கணக்குப் பார்த்துத்தான் மூளை பக்கத்தைச் சொல்கிறது. ஒரு காது இல்லையென்றால் கணக்குப் போட எண்ணே இல்லை.

திடீரென்று போயிருந்தால் இதைப் படிப்பதை நிறுத்துங்கள்

காலையில் எழும்போதோ, போனைக் காதில் வைத்தபோதோ, ஒரு காது சட்டென்று அடைத்த மாதிரி ஆகி, கூடவே 'ஙொய்' என்ற இரைச்சலோ தலைசுற்றலோ இருந்தால், அது சளியும் அழுக்கும் மட்டும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மூன்று நாளுக்குள் இப்படிச் சடாரென இறங்கும் கேள்விக்குறைவு நரம்பு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். அதற்கு ஸ்டீராய்டு மருந்து உண்டு. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு பலன், முதல் இரண்டு வாரம் கைவிடக் கூடாத காலம். "ஒரு வாரம் பார்ப்போம்" என்று சொட்டு மருந்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு.

ஒரு சின்ன அடையாளம் இருக்கிறது. வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று முனகுங்கள். அந்த ஓசை கேட்காத காதில் அதிகமாக ஒலித்தால், பெரும்பாலும் அழுக்கு, நீர், ஜவ்வு போன்ற வழித் தடை. நல்ல காதின் பக்கம் போய் ஒலித்தால் நரம்பு என்று சந்தேகப்பட வேண்டும். மருத்துவர் 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையை நெற்றியில் வைத்துப் பார்ப்பதும் இதே தத்துவம்தான். முனகல் சோதனை டாக்டரிடம் எவ்வளவு வேகமாக ஓட வேண்டும் என்பதைச் சொல்ல மட்டும் உதவும். வீட்டிலேயே இருந்துவிட அனுமதி தராது. சர்க்கரை நோய் இருந்தால் ஸ்டீராய்டு தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். சர்க்கரை ஏறும். மாத்திரைக்குப் பதிலாகச் செவிப்பறை வழியாக ஊசி போடும் முறையும் உண்டு.

பழைய கேள்விக்குறைவாக இருந்தாலும், ஒரு பக்கம் மட்டும் நரம்பு பாதித்திருந்தால் மருத்துவர் எம்ஆர்ஐ எழுதுவார். செவி நரம்பில் வரும், புற்று அல்லாத ஒரு கட்டி இல்லை என்று உறுதிசெய்துகொள்ளத்தான். செலவு என்று தள்ளிப் போடாதீர்கள். மிஷின் பேச்சை எடுப்பதே அந்த ரிப்போர்ட் வந்த பிறகு இருக்கட்டும்.

ஆடியோகிராமில் ஏமாறும் இடம்

இந்தக் குறிப்பில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

ஆடியோகிராம் என்பது கேள்விச் சோதனையின் முடிவு வரைபடம். அந்தத் தாளில் வலது காது சிவப்பு வட்டம், இடது காது நீலப் பெருக்கல் குறி. இடமிருந்து வலமாக 250 ஹெர்ட்ஸிலிருந்து 8000 ஹெர்ட்ஸ் வரை சுருதி ஏறும். மேலிருந்து கீழே டெசிபெல். கோடு கீழே போகப் போகக் கேள்வி குறைவு என்று பொருள். இதுவரை எல்லோரும் சொல்வது. சொல்லாமல் விடுவது மாஸ்கிங்.

இடது காது அறவே கேட்காத ஒருவருக்கு ஹெட்போன் மாட்டி, இடப் பக்கம் ஓசையைக் கூட்டிக்கொண்டே போனால், ஏறக்குறைய 40 டெசிபெலைத் தாண்டிய பிறகு அந்த ஓசை மண்டையோட்டின் வழியாகக் கசிந்து வலது காதில் கேட்க ஆரம்பித்துவிடும். அவரும் நேர்மையாகவே பொத்தானை அழுத்துவார். தாளில் இடது காதுக்கு 50, 60 டெசிபெல் என்று பதிவாகும். "மிதமான குறைபாடுதான், மிஷின் போட்டால் சரியாகிவிடும்" என்று ஒருவர் விற்றும்விடுவார். உண்மையில் அந்தக் கோடு முழுவதும் நல்ல காதின் நிழல்.

இதைத் தடுக்க, இடது காதைச் சோதிக்கும்போது வலது காதுக்குள் 'ஸ்ஸ்ஸ்' என்ற இரைச்சலை ஊட்டி அதை வேலையில் ஈடுபடுத்தி வைக்க வேண்டும். அதுதான் மாஸ்கிங். செய்தார்களா என்று தாளே சொல்லும். மாஸ்கிங் செய்த காற்றுவழிச் சோதனைக்கு, அதாவது ஹெட்போன் மாட்டி எடுப்பதற்கு, இடது காதில் பெருக்கல் குறிக்குப் பதில் சதுரமும், வலது காதில் வட்டத்துக்குப் பதில் முக்கோணமும் இருக்கும். மண்டை எலும்பை அதிரவைத்து எடுக்கும் எலும்பு வழிச் சோதனைக்குச் சதுர அடைப்புக்குறி. குறியிலிருந்து கீழ்நோக்கி அம்பு போட்டிருந்தால், கருவியின் உச்ச ஓசைக்கும் பதில் வரவில்லை என்று அர்த்தம். ஒரு காது நன்றாகவும் மறு காது மோசமாகவும் இருந்து, தாளில் சதுரமும் முக்கோணமும் ஒன்றுகூட இல்லையென்றால், அந்தத் தாளை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

அடுத்து கேட்க வேண்டியது பேச்சுப் புரிதல் சதவீதம். வசதியான உரத்த அளவில் தமிழ்ச் சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, எத்தனையைச் சரியாகத் திருப்பிச் சொல்கிறீர்கள் என்று பார்ப்பார்கள். கேட்காத காதை மட்டும் தனியாக, நல்ல காதுக்கு மாஸ்கிங் கொடுத்து எடுக்க வேண்டும். எந்த மிஷின் என்பதைப் பெரும்பாலும் முடிவுசெய்வது இந்த எண்தான். 60 டெசிபெல் குறைந்திருந்தாலும் புரிதல் 80 சதவீதம் இருந்தால் அந்தக் காதைக் காப்பாற்றலாம். 50 டெசிபெல்தான் குறைவு, ஆனால் புரிதல் 20 சதவீதம் என்றால், ஓசையைக் கூட்டக் கூட்ட உடைந்த ஸ்பீக்கர் அலறுகிற மாதிரிதான் இருக்கும். அது நல்ல காதையும் சேர்த்துக் கெடுக்கும்.

சென்னையில் எங்கே எடுப்பது? சென்ட்ரல் எதிரில் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைக்கு என்றே தனி நிலையம் இருக்கிறது. போரூர் ராமச்சந்திராவில் செவியியல் படிப்பே நடக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளர் நிறுவனமும் உண்டு. தனியார் என்றால், மிஷின் விற்காத இடத்தில் சோதனையை எடுத்துக்கொண்டு, பிறகு கடைக்குப் போவது நல்லது. சோதிப்பவர் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு பெற்ற ஆடியாலஜிஸ்டா, அதாவது செவியியல் நிபுணரா என்று தயங்காமல் கேளுங்கள். பதிவு எண் ரிப்போர்ட்டின் அடியில் இருக்க வேண்டும்.

காசில்லாத வைத்தியம்: இடம் பிடிப்பது

மிஷின் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், அன்றாடக் கஷ்டத்தில் பெரும்பகுதி உட்காரும் இடத்தால் தீரும். விதி ஒன்றே: கேட்காத காது ஓரத்தைப் பார்க்க வேண்டும். இடது காது கேட்காதவர் வரிசையின் இடது கோடியில் உட்கார வேண்டும், வலது கேட்காதவர் வலது கோடியில்.

கல்யாண மண்டபத்தில் பந்திக்கு இது அப்படியே பொருந்தும். இலைக்கு முன் உட்கார்ந்த பிறகு எழுந்து மாற முடியாது. ஆகவே கூட்டம் உள்ளே நுழையும் முன்பே கோடி இலையைப் பிடியுங்கள். மாநகரப் பேருந்தில் இடது கேட்காதவருக்கு இடது வரிசை ஜன்னல், வலது கேட்காதவருக்கு வலது வரிசை ஜன்னல். ரோட்டு இரைச்சல் செத்த காதில் விழுந்து வீணாகும், நடத்துனர் நல்ல காதின் பக்கம் வருவார். பீச் ரயிலிலும் இதே கணக்கு.

கார்தான் கொஞ்சம் தகராறு. நம் ஊரில் ஓட்டுநர் வலப் பக்கம். வலது காது கேட்காதவர் ஓட்டினால் யோகம்: ஜன்னல் இரைச்சல் வலப் பக்கம், பேசுபவர் இடப் பக்கம். இடது காது கேட்காதவர் ஓட்டினால் பக்கத்து சீட்டுக்காரர் சொல்வது ஒன்றும் விளங்காது. வழி சொல்பவரைப் பின் சீட்டின் நடுவில் உட்கார வைத்துப் பாருங்கள். சரிப்படவில்லையென்றால் கைக்குறியால் காட்டச் சொல்லுங்கள். ஓட்டும்போது காதைத் திருப்பிக்கொடுக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். ஆட்டோவில் முன்னாலேயே சொல்லிவிடலாம்: "அண்ணா, எனக்கு இடது காது கேக்காது. ஏதாவது கேக்கணும்னா கொஞ்சம் திரும்பிச் சொல்லுங்க."

ஓட்டலில் இந்த விதி கொஞ்சம் மாறும். கிரானைட் மேஜை, டைல்ஸ் தரை, தலைக்கு மேல் ஃபேன், பின்னால் பாத்திரம் போடும் இடம் என்று எல்லாமே எதிரொலி. அங்கே கேட்காத காதை இரைச்சலுக்குக் கொடுங்கள். சமையல்கட்டும் கை கழுவும் இடமும் அந்தப் பக்கம் இருக்கட்டும். முதுகுக்குப் பின்னால் சுவர் இருந்தால் இன்னும் நல்லது. பேசுபவரின் முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும். உங்கள் கண்ணும் வாயசைவைப் பார்த்து வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது, நீங்கள் அறியாமலே.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் இதுதான். வலது காது கேட்காத பிள்ளைக்கு, கரும்பலகையைப் பார்த்தபடி வலது சுவரோரம், முன்னால் இரண்டாவது பெஞ்சு. முதல் பெஞ்சில் உட்கார்ந்தால் பின்னால் பதில் சொல்லும் பிள்ளைகளைத் திரும்பிப் பார்க்க முடியாமல் போகும். ஆசிரியரிடம் வாயால் சொன்னது அடுத்த வருடம் மறந்துபோகும், எழுதிக் கொடுங்கள்.

தெருவில் நடக்கும்போது வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடங்கள். கடக்கும்போது ஓசையை நம்பவே கூடாது. எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் சத்தமில்லாமல் வரும், ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையிலும் வரும். இயர்போனை நல்ல காதில் மாட்டிக்கொண்டு ரோட்டில் இறங்குவது இரண்டு காதையும் மூடிக்கொள்வதற்குச் சமம்.

வீட்டுக்குள் போன் எங்கே அடிக்கிறது என்று தெரியாவிட்டால் அறை அறையாக ஓட வேண்டாம். நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். ஓசை மிக உரத்துக் கேட்கும் நொடியில் நல்ல காது எந்தப் பக்கம் காட்டுகிறதோ, போன் அந்தப் பக்கம். போனில் அக்சஸிபிலிட்டி பகுதிக்குள் போய் 'மோனோ ஆடியோ'வை ஆன் செய்துவிடுங்கள். இல்லையென்றால் ஸ்டீரியோ பாட்டில் ஒரு பக்கத்து வாத்தியம் காணாமல் போகும். கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் தமிழ்ப் பேச்சையும் எழுத்தாக்கித் திரையில் காட்டும். மீட்டிங்கில் மேஜை நடுவில் போனை வைத்தால் ஒப்பேற்றலாம், பிழைகளைப் பொறுத்துக்கொண்டு.

நல்ல காதைத் தலையணையில் அழுத்திப் படுத்தால் பக்கத்து வீட்டு மைக் செட் கேட்காமல் நிம்மதியாகத் தூங்கலாம். இந்தக் குறையில் கிடைக்கும் ஒரே லாபம். ஆனால் அலாரமும் கேட்காது. கையில் கட்டும் அதிரும் பட்டையோ, தலையணைக்கடியில் அதிரும் அலாரமோ வைத்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தையோடு தனியாகப் படுக்கும் இரவில் நல்ல காது மேலே இருக்கட்டும்.

எந்த மிஷின்

கேட்காத காதில் மிச்சம் இருந்தால், அதாவது குறைபாடு ஏறக்குறைய 70 டெசிபெலுக்குள் இருந்து பேச்சுப் புரிதல் பாதிக்கு மேல் இருந்தால், அந்தக் காதிலேயே சாதாரண மிஷின் போடுவதுதான் முதல் முயற்சி. இரண்டு காதும் வேலை செய்யும் ஒரே எளிய வழி இது, திசையும் ஓரளவு திரும்பும். ஆரம்பத்தில் அந்தப் பக்கம் தகரத்தில் பேசுகிற மாதிரி இருக்கும். தினமும் பல மணி நேரம் போட்டு, ஒன்றிரண்டு மாதம் போன பிறகுதான் மூளை இரண்டையும் சேர்த்துக் கேட்கப் பழகும். விசேஷத்துக்கு மட்டும் போட்டுக்கொள்பவருக்கு அது என்றைக்கும் பழகாது.

மிச்சமே இல்லையென்றால் அந்தக் காதில் எவ்வளவு விலையுயர்ந்த மிஷின் போட்டாலும் செவிடன் காதில் ஊதிய சங்குதான். அப்போது வருவது கிராஸ். இரண்டு துண்டுகள். கேட்காத காதின் பின்னால் ஒரு மைக், அது ஓசையைப் பிடித்துக் கம்பியில்லாமல் அனுப்பும். நல்ல காதில் ஒரு ரிசீவர், அது வாங்கிக் கேட்க வைக்கும். நல்ல காதிலும் குறைபாடு இருந்தால், அதற்குமான பெருக்கத்தைச் சேர்த்துக் கொடுப்பது பைகிராஸ். நல்ல காதுக்குள் நுழையும் மெத்தென்ற முனையான டோம், துளைகள் உள்ள திறந்த வகையாக இருக்க வேண்டும். அடைத்த டோம் போட்டுவிட்டால், இயல்பாகக் கேட்டுக்கொண்டிருந்த காதையும் மூடியது மாதிரி ஆகும். சொந்தக் குரலே பானைக்குள்ளிருந்து வரும்.

கிராஸ் எங்கே உதவும் என்றால், ஆபீசில் கேட்காத பக்கம் உட்கார்ந்திருப்பவர், காரில் பக்கத்து சீட்டு, கடையில் அந்தப் பக்கம் நிற்கும் ஆள். எங்கே கெடுக்கும் என்றால், இரைச்சல் கேட்காத பக்கத்திலிருந்து வரும்போது. முன்பு தலை மறைத்துக்கொண்டிருந்த இரைச்சலை இது அள்ளிக்கொண்டுவந்து நல்ல காதில் கொட்டும். அந்த நேரத்தில் அனுப்பும் பக்கத்தின் ஒலியைக் குறைக்கவோ நிறுத்தவோ வழி இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பார்க்க வேண்டும். திசை தெரியாது, எல்லா ஓசையும் ஒரே காதில்தானே போய் விழுகிறது.

எலும்பு வழிக் கருவியும் அதே வேலையைத்தான் செய்கிறது, வழி மட்டும் வேறு. கேட்காத பக்கத்து மண்டையோட்டை அதிரவைத்து, அந்த அதிர்வை மறுபக்கத்து நல்ல காதின் உள்ளறைக்குக் கொண்டுபோகும். காதுக்குப் பின்னால் டைட்டானியம் திருகு பதிக்கும் அறுவை உண்டு. ஒட்டிக்கொள்ளும் வகையும், தலைப்பட்டையில் மாட்டும் வகையும் உண்டு. அறுவைக்குச் சம்மதிக்கும் முன் தலைப்பட்டையில் மாட்டிச் சில நாள் பார்த்தே ஆக வேண்டும். பட்டையில் பிடிக்காதது திருகில் பிடித்துவிடாது. நல்ல காது உண்மையிலேயே நல்ல காதாக இருக்க வேண்டும், 20 டெசிபெலுக்குள். சீழ் வடிவதாலோ எலும்புக் குறையாலோ கேட்காமல் போனவர்களுக்கு இது இன்னும் நன்றாகவே பொருந்தும், அவர்களுக்கு அந்தப் பக்கத்து நரம்பே உயிரோடு இருக்கிறது.

முழுக்கச் செத்த காதிலேயே ஓசையைத் திரும்ப எழுப்புவது, அறுவை செய்து உள்காதில் பதிக்கும் காக்ளியர் இம்ப்ளான்ட் மட்டும். அமெரிக்காவில் மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் எஃப்டிஏ, ஒருபக்கக் கேள்வியிழப்புக்கு இதை 2019இல் அனுமதித்தது. செவி நரம்பு இருக்க வேண்டும். கேள்வி போய்ப் பல ஆண்டுகள் ஆகியிருந்தால் பலன் குறையும். அறுவைக்குப் பிறகு மாதக்கணக்கில் கேட்டுப் பழகும் பயிற்சி உண்டு. செலவும் பல லட்சம். காதிரைச்சல் தாங்க முடியாதவர்களில் பலருக்கு இது இரைச்சலையும் குறைக்கிறது. இதுபற்றிப் பேச அந்த அறுவையைத் தொடர்ந்து செய்யும் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும், மிஷின் கடைக்கு அல்ல.

எதுவுமே வாங்காமல் இருப்பதும் ஒரு முடிவுதான். வேலை தனியறையில், வீட்டில் மூன்று பேர் என்றால் கிராஸ் பெட்டியிலேயே கிடக்கும்.

ட்ரையலை இப்படிச் செய்யுங்கள்

கடையின் கண்ணாடி அறை அமைதியாக இருக்கும், அங்கே எல்லா மிஷினும் நன்றாகவே கேட்கும். வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்களா, எத்தனை நாள், எவ்வளவு முன்பணம், திருப்பித் தந்தால் எவ்வளவு பிடித்தம் என்று எழுதி வாங்குங்கள். இரண்டு வாரமாவது வேண்டும்.

முதல் சோதனை வீட்டில். ஒருவர் கேட்காத பக்கம் ஒரு மீட்டர் தள்ளி நின்று, வாயைக் காகிதத்தால் மறைத்து, சாதாரணக் குரலில் 20 சொற்கள் சொல்லட்டும்: சாவி, சீப்பு, தட்டு, பாய், தோசை, பஸ், காசு இந்த மாதிரி. மிஷினோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை. இரண்டாம் முறைக்குச் சொற்களை மாற்றிக்கொள்ளுங்கள். எத்தனை சரி என்று குறியுங்கள். பிறகு அதையே கேட்காத பக்கம் மிக்சியோ டிவியோ ஓடும்போது செய்யுங்கள், அடுத்து அந்த இரைச்சலை நல்ல பக்கம் மாற்றிச் செய்யுங்கள். இந்த எண்கள் விற்பனையாளரின் பேச்சைவிட நம்பகமானவை. அப்புறம் வெளியே: ஒரு கூட்டமான ஓட்டல், ஒரு ஆட்டோ சவாரி, ஒரு மீட்டிங். தினமும் எத்தனை மணி நேரம் போட்டீர்கள், எங்கே கழற்றினீர்கள் என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். மூன்றாம் நாளிலிருந்து கழற்றத் தேடுகிறீர்கள் என்றால் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் பணம் கட்டாதீர்கள்.

செட்டிங் மாற்றப் போகும்போது "சரியா கேக்கல" என்று சொன்னால் ஆடியாலஜிஸ்டால் ஒன்றும் செய்ய முடியாது. "பாத்திர சத்தம் குத்துது", "என் குரல் எனக்கே முழங்குது", "ஃபேன் சத்தம் பேச்சை மூடுது" என்று சொன்னால் எந்தத் திருகைத் திருப்ப வேண்டும் என்று அவருக்குத் தெரியும். சாதாரண மிஷின் போடுகிறவர்கள் காதுக்குள் மெல்லிய குழாய் விட்டு அளக்கும் ரியல் இயர் சோதனையைக் கேளுங்கள். கம்ப்யூட்டரில் ஆடியோகிராமைத் தட்டிவிட்டு 'செட் ஆயிடுச்சு' என்பது பாதி வேலை.

விலைப்பட்டியலில் ரிசீவர், கிராஸ் மைக், சார்ஜர், வாரண்டி ஆண்டுகள் எல்லாம் தனித்தனியாக இருக்கட்டும். கேட்கும் கருவிக்கு ஜிஎஸ்டி கிடையாது. வேறு ஊருக்கு மாறினால் வேறு ஆடியாலஜிஸ்ட் இதைத் திறந்து செட் செய்ய முடியுமா, அல்லது இந்தக் கடையின் கிளைகளில் மட்டும்தான் முடியுமா என்பதை மறக்காமல் கேளுங்கள். கிராஸின் இரண்டு துண்டுகளும் ஒரே கம்பெனி, ஒரே தலைமுறையாக இருந்தால்தான் ஒன்றோடொன்று பேசும். பாதியைப் பழசாக வாங்கி மீதியைப் புதிதாகச் சேர்க்கும் சிக்கனம் பலிக்காது.

மாற்றுத்திறனாளி அட்டையை நம்பித் திட்டம் போடாதீர்கள். கேள்விக் குறைபாட்டுச் சதவீதத்தை, நல்ல காதின் சதவீதத்தை 5ஆல் பெருக்கி, மோசமான காதின் சதவீதத்தைக் கூட்டி, 6ஆல் வகுத்துக் கணக்கிடுகிறார்கள். ஒரு காது 0, மறு காது 100 என்றால் விடை 17 கூட வராது. சலுகைகளுக்கு 40 வேண்டும். 2016ஆம் ஆண்டுச் சட்டமும் கேள்விக் குறைபாட்டை இரண்டு காதிலும் 60 டெசிபெலிலிருந்துதான் வரையறுக்கிறது.

சென்னை வியர்வை

இந்த ஊரில் மிஷினைக் கெடுப்பவை வியர்வையும் கடற்காற்றும்தான். இரவு கழற்றியதும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். ஜெல் மணிகள் நிறம் மாறினால் ஈரம் குடித்துவிட்டது என்று பொருள், மாற்ற வேண்டும். பேட்டரி மாடலில் கதவைத் திறந்து பேட்டரியை வெளியே எடுத்துவிடுங்கள். உள்ளே பச்சையாகப் பூத்திருந்தால் வியர்வை தொடர்புத் தகட்டை அரித்துக்கொண்டிருக்கிறது. ஹேர் டிரையர், வெயில் இரண்டும் வேண்டாம்.

ஜிங்க் ஏர் பேட்டரியின் அளவை ஸ்டிக்கர் நிறத்தால் அடையாளம் காணலாம்: 10 மஞ்சள், 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம். ஸ்டிக்கரை உரித்ததும் மாட்டிவிடக் கூடாது. இரண்டு மூன்று நிமிடம் காற்றுப்பட வையுங்கள், அது காற்றைக் குடித்துத்தான் உயிர் பெறுகிறது. உரித்ததைத் திரும்ப ஒட்டிப் பிரயோஜனமில்லை. குழந்தை விழுங்கிவிட்டால் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரி.

ஒலி மங்கினால் சர்வீசுக்கு ஓடுமுன் ரிசீவர் நுனியில் இருக்கும் வெள்ளைக் கடுகளவு வாக்ஸ் ஃபில்டரை, அதாவது காது அழுக்கைத் தடுக்கும் வடிகட்டியைப் பாருங்கள். பெரும்பாலும் அதுதான் அடைத்திருக்கும். புது ஃபில்டரோடு வரும் குச்சியின் ஒரு முனையால் பழையதை இழுத்து, மறுமுனையால் புதியதை அழுத்தினால் முடிந்தது. விசில் அடித்தால் டோம் அளவு சின்னது, அல்லது சரியாக உட்காரவில்லை, அல்லது காதில் அழுக்கு. கிராஸில் ஒரு பக்கம் மட்டும் பேச்சு வராவிட்டால் இரண்டையும் அணைத்து, இரண்டையும் ஒன்றாக ஆன் செய்து பாருங்கள். அனுப்பும் பக்கத்து பேட்டரி தீர்ந்திருப்பதும் அடிக்கடி நடக்கும்.

ஹெல்மெட் போடுகிறவர்கள் மிஷினைக் கழற்றி டப்பாவில் வைத்துவிட்டு ஓட்டுவதே நல்லது. காற்றோசை பிடிக்கும் என்பது ஒரு பக்கம். ஹெல்மெட்டைக் கழற்றும் வேகத்தில் மிஷின் காதிலிருந்து உருவிக்கொண்டு சிக்னலில் ரோட்டில் விழுவது இன்னொரு பக்கம், பின்னால் வரும் தண்ணீர் லாரி அதற்காக நிற்காது. முகக்கவசத்தின் காதுப் பட்டையும் இதே வேலையைச் செய்யும், அதைத் தலைக்குப் பின்னால் கட்டும் வகையாக வாங்குங்கள். எண்ணெய்க் குளியல் அன்று காது நன்றாக உலர்ந்த பிறகே மாட்டுங்கள். எண்ணெய்ப் பிசுக்கில் டோம் வழுக்கி வெளியே வரும், ஃபில்டரும் அடைக்கும்.

மிச்சமிருக்கும் காது

அந்தக் காதுக்குள் ஒன்றும் போகக் கூடாது. காய்ச்சிய எண்ணெய், பட்ஸ், கோழி இறகு, ஊக்கு, கடற்கரையில் காது சுத்தம் செய்பவரின் கம்பி, எதுவும். அழுக்கு சேர்ந்தால் மருத்துவர் எடுக்கட்டும். சளி பிடித்து அந்தக் காது அடைத்தால் அன்றைக்கு முழுச் செவிடுதான், மற்றவர்களைப் போல நாள் கணக்கில் பொறுத்திருக்க வேண்டாம். தீபாவளிக்கும், தவில் அருகிலும், கோயில் திருவிழா ஒலிபெருக்கிக் குழாய்க்கு முன்னும் மெத்தென்ற ஃபோம் அடைப்பான் போடுங்கள். அதை விரலால் உருட்டி மெலிதாக்கி, மறு கையால் தலைக்கு மேல் வழியாகக் காது மடலை மேல்நோக்கி இழுத்து, உள்ளே செருகி, விரியும் வரை அரை நிமிடம் பிடித்திருக்க வேண்டும். பாதி வெளியே தொங்கினால் போடாததற்குச் சமம்.

வருடத்துக்கு ஒருமுறை இரண்டு காதுக்கும் ஆடியோகிராம் எடுத்துப் பழையதோடு ஒப்பிடுங்கள். தாளைப் படமெடுத்துப் போனில் வையுங்கள். வெயிலில் மை மங்கிப்போன தெர்மல் தாளை நீட்டினால் எந்த டாக்டராலும் படிக்க முடியாது. நல்ல காதில் திடீரென்று இரைச்சலோ அடைப்போ வந்தால், அன்றைக்கே, ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும், அவசரப் பிரிவுக்குப் போய் "எனக்கு இந்த ஒரு காதுதான் கேக்கும்" என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள்.